சுனாமியில் எத்தனை பேர் இறந்தார்கள்? பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது வகுப்பில் பேசக் கூப்பிடுவார்கள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது பாட்டி சொன்ன கதை, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். வெளியூர்க் கல்லூரி மாணவர்களும் ஆய்வுக்காக வருகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

சுனாமி எங்கிருந்து வந்தது சார்? நம் கடலிலேயே உண்டானதா?

இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.29-க்குச் சுமத்ரா தீவின் வடக்குப் பகுதிக்கு மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. அளவு 9.1. பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரிய பாறைத் துண்டுகளால் ஆனது; இந்தியத் தட்டு பர்மா தட்டுக்குக் கீழே நுழையும் இடம் அது. பல நூறு ஆண்டுகளாகச் சிக்கி இறுகிக் கிடந்த விளிம்பு விடுபட்டு, அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்துகொண்டே போனது. கிழிந்து முடிய எட்டுப் பத்து நிமிடம் ஆயிற்று. கடல்தரை சில மீட்டர் உயர்ந்தபோது மேலிருந்த தண்ணீர் முழுவதும் எழும்பி இருபுறமும் விரைந்தது.

கிழக்கே போன அலை தாய்லாந்தைத் தாக்கியது. மேற்கே வந்தது இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இலங்கையையும் தமிழகத்தையும் அடைந்தது. எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒன்பது மணி. அன்று காலை 'சுனாமி' என்ற சொல் இங்கே யாருக்கும் தெரியாது. 'கடல் உள்ளே வந்துவிட்டது' என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

14 நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர். இதில் பெரும்பங்கு இந்தோனேசியாவின் அச்சே மாகாணம். அங்கே மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,67,000 பேர். இலங்கையில் ஏறத்தாழ 35,000. இந்தியாவில் 10,749 பேர் இறந்ததாகவும் 5,640 பேர் காணாமல் போனதாகவும் கணக்கு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர், அதில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர்.

இந்தியப் பெருங்கடலில் கரையே இல்லாத சுவீடன் 543 பேரை இழந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தாய்லாந்துக் கடற்கரைக்குப் போனவர்கள் அவர்கள்.

ஒரு புத்தகத்தில் 2,27,000 என்கிறார்கள், இன்னொன்றில் 2,80,000 என்கிறார்கள். எது பொய்?

எதுவும் பொய் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் தேதி இல்லை, அவ்வளவுதான். 2005 தொடக்கத்தில் அச்சேயில் காணாமல் போனவர்களின் பட்டியல் மிக நீளமாக இருந்தது. ஒரே ஆளை அண்ணன் ஒரு முகாமிலும் மாமா இன்னொரு முகாமிலும் பதிந்திருப்பார்கள். அந்த ஆளோ மூன்றாவது முகாமில் உயிரோடு இருப்பார். அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசிய அரசு காணாமல் போனவர்கள் கணக்கை 50,000-க்கும் மேல் குறைத்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் பெரிய எண் இருக்கும், பின்னால் வந்ததில் சிறிய எண் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு குடும்பம் முழுவதும் போய்விட்டால் பெயர் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அடுத்த வீடும் போய்விட்டால்? கிராம அலுவலகத்தோடு ரேஷன் கார்டு, பிறப்புப் பதிவேடு எல்லாம் கடலுக்குப் போன ஊர்களில், ஒருவர் செத்தார் என்று காட்டுவதற்கு முன்னால் அவர் வாழ்ந்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. எனவே கடைசி இலக்கம் வரை துல்லியமாக ஓர் எண்ணைப் பார்த்தால் நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எண்ணியவர் உழைத்திருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எண்ணியது தன் கைக்குக் கிடைத்த பட்டியலை.

காணாமல் போனவர் என்றால் இறந்தவர்தானே? ஏன் தனியாக எழுதுகிறார்கள்?

சட்டத்துக்கு உடல் வேண்டும். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாத பிறகே ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது அன்று நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் இல்லை, வங்கிக் கணக்கைத் தொட முடியாது, நிலத்தைப் பெயர் மாற்ற முடியாது. இத்தனை பேரை ஏழு ஆண்டு காக்க வைக்க முடியாது என்பதால் விசாரணை நடத்தி, அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் வராவிட்டால் சான்றிதழ் என்று நடைமுறையைத் தளர்த்தினார்கள். இலங்கை இதற்கென்றே 2005-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் 5,640-ல் பெரும்பகுதி அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். கச்சால் என்ற ஒரே தீவில் 4,000-க்கும் மேற்பட்டோரின் உடல் கிடைக்கவில்லை.

எனக்கு இது சட்டப் புத்தகத்தில் புரிந்ததல்ல. 2005 ஜனவரியில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். பதில் வராத பெயருக்கு நேரே என்ன போடுவது? 'வரவில்லை' என்ற குறியைத்தான் போட்டேன். இரண்டு வாரம் அப்படியே போட்டேன். இறப்புச் சான்றிதழின் நகல் இருந்தால்தான் பெயரை நீக்க முடியும் என்பது விதி. ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கிவர வேண்டிய தகப்பனும் அந்தப் பட்டியலிலேயே இருந்தார். அந்தப் பெயரைக் கல்வியாண்டு முடியும்வரை கூப்பிட்டேன்.

நம் மாவட்டத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சாவு? அலை இங்கேதான் பெரியதா?

இல்லை. அச்சேயில் சில இடங்களில் தண்ணீர் 30 மீட்டர் உயரம் ஏறியது. இங்கே பனைமர உயரம் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். பயத்துக்கு அளவுகோல் கிடையாது. உண்மையில் சில மீட்டர்தான்.

ஆனால் நம் நிலம் தட்டையானது. ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. வீடுகளோ மணலிலேயே இருந்தன. மீனவருக்குப் படகும் வலையும் கண்ணெதிரே இருக்க வேண்டும், அதனால் அலை ஓசை கேட்கும் தூரத்தில்தான் குடியிருப்பு. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களுக்கு முன்னால் கடல், பின்னால் கடுவையாற்று முகத்துவாரம். ஓடினால் பாலத்துக்கு ஓட வேண்டும். தண்ணீர் ஆற்று வழியாகவும் ஏறிவந்தது. விசைப்படகுகள் மிதந்துவந்து வீடுகளை இடித்தன. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலிலும் இதே பொறிதான்: கடலிலிருந்து தப்பி ஓடியவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஏ.வி.எம். கால்வாயில் விழுந்து மாண்டார்கள்.

அதோடு கிழமையையும் பாருங்கள். ஞாயிறு, அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர் யாத்ரீகர்கள் நிறைந்திருந்தார்கள். பள்ளி நாளாக இருந்திருந்தால் இந்த எண் வேறு.

கரையில் இருந்தவர்கள் செத்தார்கள், நடுக்கடலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்கிறீர்களே, அது எப்படி?

ஆழ்கடலில் சுனாமி உயரம் இல்லாதது. அன்று தற்செயலாக மேலே பறந்த செயற்கைக்கோள் ஒன்று வங்காள விரிகுடாவில் அளந்தது: ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வேகம் விமானத்தின் வேகம், ஆனால் ஓர் அலை முகடுக்கும் அடுத்ததற்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. படகு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆழம் குறையும் இடத்தில்தான் முன்னால் வரும் தண்ணீர் வேகம் குறைந்து, பின்னால் வருவது அதன்மேல் ஏறி, சுவராக நிற்கிறது.

மீன் நிறைய அகப்பட்ட மகிழ்ச்சியில் கரைக்குத் திரும்பியவர்கள், துறைமுக வாயிலில் மிதந்த கூரைகளைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று உணர்ந்தார்கள்.

பெண்கள்தான் அதிகம் இறந்தார்களாம். புடவை கட்டியிருந்ததால்தானே?

புடவையும் ஒரு காரணம். நனைந்த ஆறு கெஜம் காலைப் பின்னும். அவிழ்ந்த கூந்தல் சீமைக்கருவேல முள்ளில் சிக்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் காரணத்தை உடுப்பிலேயே முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. முந்தைய பதிலைப் பாருங்கள்: ஆண்களில் ஒரு பகுதி கடலில் இருந்தது. படகு திரும்பும் நேரம் என்பதால் மீனை ஏலம் எடுக்கும் பெண்கள் கூடையோடு கரையில் காத்திருந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் அடுப்படியில். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் பெண்பிள்ளைகளுக்கு நீந்தவோ மரமேறவோ யாரும் கற்றுத்தரவில்லை. தண்ணீர் வந்தபோது அவர்கள் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை.

2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு வெளியிட்ட கணக்கு: கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. நாகையில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கூட்டினால் 6,065 வரவில்லையே என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கை தூக்கும். மீதி, குழந்தைகள்.

அதிர்ச்சி வந்து இரண்டரை மணி நேரம் இருந்ததே. ஏன் யாரும் சொல்லவில்லை?

இதற்கு இன்றுவரை எனக்குக் கோபம் தணியவில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் முதலில் அளவை 8 என்று குறைத்து மதிப்பிட்டது. அதைவிடப் பெரிய குறை, இந்தியப் பெருங்கடலில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஏற்பாடே இல்லை. சென்னையில் பலர் காலையில் அதிர்வை உணர்ந்து வீதிக்கு வந்தார்கள், பிறகு காபி குடிக்க உள்ளே போனார்கள். கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே அழிந்த பிறகும் நம் கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

இலங்கையிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயில் பெரலிய என்ற இடத்தில் முதல் அலையில் நின்றது. தண்ணீர் சூழ்ந்ததும் ஊர்மக்கள் ரயிலின் கூரைமேல் ஏறினார்கள், பலர் அதன் மறைவில் ஒதுங்கினார்கள். ரயில் கனமானது, அசையாது என்ற நம்பிக்கை. அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. குறைந்தது 1,000 பேர், 1,700 வரை என்றும் கணக்கு உண்டு. எத்தனை பேர் டிக்கெட் வாங்கி ஏறினார்கள் என்று ஒருவேளை சொல்லலாம். தண்ணீருக்குப் பயந்து ஏறியவர்களை எந்த டிக்கெட்டும் சொல்லாது.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று அப்போதும் தெரியாதா?

இங்கே தெரியாது. தெரிந்த ஓர் இடம் இருந்தது. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்ற தீவு, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில். 1907-ல் ஒரு சுனாமி அந்தத் தீவைச் சூறையாடியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. தாலாட்டிலும் கதையிலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு. 2004-ல் யாரோ 'ஸ்மோங்' என்று கத்த, ஊரே ஓடியது. 70,000-க்கும் மேல் மக்கள் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கடல் எப்போதும் முதலில் உள்வாங்காது. தாய்லாந்துப் பக்கம் முதலில் வாங்கியது. நம் பக்கம் முதலில் ஏறியது, இரண்டு அலைகளுக்கு நடுவேதான் வாங்கியது. தரை தெரிந்ததும் மீன் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. எனவே 'கடல் வாங்கட்டும், பிறகு ஓடலாம்' என்று இருந்துவிடாதீர்கள்.

விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்து தப்பித்தனவாமே?

இலங்கையின் யால சரணாலயத்தில் காட்டு விலங்குகளின் சடலங்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் ஆடும் மாடும் ஏராளமாகச் செத்தன. கட்டிப்போட்ட மாடு எங்கே ஓடும்?

ஏன் எல்லோரையும் ஒரே குழியில் புதைத்தார்கள்? கொள்ளைநோய் வரும் என்பதாலா?

அந்தப் பயத்தால்தான். ஆனால் அது தவறான பயம். அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடலால் ஊரில் கொள்ளைநோய் கிளம்பாது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பேரிடருக்குப் பிறகு நோய் வருவது உயிரோடு இருப்பவர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் முகாமிலும் கெட்ட குடிநீரிலும்தான். அன்று முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் மூன்று நாள் நின்று பாருங்கள், அதன் பிறகு பேசலாம். குளிர்பதனக் கிடங்கு கிடையாது, தூக்க ஆள் கிடையாது.

விலை என்னவென்றால், புகைப்படமோ அடையாளக் குறிப்போ இல்லாமல் குழிக்குள் போனவர்கள் மேலே சொன்ன 'காணாமல் போனவர்' பட்டியலில் தங்கிவிட்டார்கள். அச்சேயில் சிரோன் என்ற ஒரே இடத்தில் 46,000-க்கும் மேற்பட்டோர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் மட்டும் பல நாட்டு நிபுணர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பல்வரிசை, கைரேகை, மரபணு என்று ஒப்பிட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிகம் உதவியது பல்தான். பல் மருத்துவரிடம் பதிவேடு வைத்திருக்கும் நாட்டவருக்கு அது எளிது. எங்கள் குப்பத்துப் பாட்டி எந்தப் பல் மருத்துவரிடம் போனாள்?

நிவாரணப் பணத்துக்காகப் பொய்ச் சாவு காட்டினார்கள் என்று என் மாமா சொல்கிறாரே?

இறந்தவர் ஒருவருக்கு மாநில அரசு ஒரு லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து ஒரு லட்சம், ஆக இரண்டு லட்சம் ரூபாய். பணம் வரும் இடத்தில் பொய்யும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எதிரான பிழையை உங்கள் மாமா யோசித்திருக்க மாட்டார். மீனவக் கிராமத்தில் பஞ்சாயத்தார் வீடு வீடாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், பெயர் விடுபடவில்லை. கரையோரம் கூலிக்கு வந்தவர், ஊர் ஊராக வளையல் விற்றவர், எந்தப் பஞ்சாயத்துக்கும் வரி கட்டாத குடும்பம், இவர்களுக்காக யார் வந்து கேட்பது? அதிகம் எண்ணிவிட்டார்களோ என்று விசாரிக்க ஆள் உண்டு. குறைவாக எண்ணியதை விசாரிக்க யாருக்கும் ஊக்கம் இல்லை.

இறந்தவர்கள் சரி. பிழைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

இது ஒரு மாணவி கேட்டது. வகுப்பிலேயே பதில் சொல்லத் தடுமாறினேன். வீடு போனது, படகு போனது என்பதெல்லாம் அரசு அறிக்கையில் இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இரண்டு பிள்ளை பெற்றதும் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்வது வழக்கம். அந்த இரண்டு பிள்ளைகளையும், சிலர் மூன்றையும், ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை அரசு இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலருக்கு இல்லை. பிறந்த பிள்ளைகளில் சிலருக்குப் போன பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். பிற்பாடு என் வகுப்பில் அப்படி ஒரு பெயரைக் கூப்பிட்டபோது, பதிவேட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீர் குடிக்கப் போனேன்.

உலகிலேயே அதிகம் பேர் இறந்த பேரிடர் இதுதானா?

இல்லை. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை இறந்தார்கள். அந்த இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு லட்சம் மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே தெரியாத கணக்கு அது.

அளவைப் பார்த்துச் சாவைக் கணிக்க முடியாது என்பதற்கு 2010 நல்ல பாடம். ஜனவரியில் ஹைத்தியில் 7.0, பிப்ரவரியில் சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றலில் சிலியினுடையது ஏறத்தாழ 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் 500-ஐ ஒட்டி. ஹைத்தியில் ஒரு லட்சத்தை ஒட்டி என்ற மதிப்பீடும் உண்டு, அரசு சொன்னது மூன்று லட்சத்துக்கும் மேல். சிலியில் கட்டட விதிகள் கடுமையானவை, அவற்றைக் கடைப்பிடிக்கவும் வைத்தார்கள். ஹைத்தியில் கம்பி குறைந்த கான்கிரீட் கூரைகள் தலைநகரத்தின் மேலேயே விழுந்தன.

இன்று அதே அலை வந்தால் அதே அளவு சாவார்களா?

மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஹைதராபாத்தில் 2007 அக்டோபரிலிருந்து இந்தியாவின் சொந்தச் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அதிர்ந்தபோது நிமிடங்களில் செய்தி வந்தது, கரையோரம் காலியானது. பெரிய அலை வரவில்லை. அன்று தட்டுகள் மேலும் கீழுமாக நகரவில்லை, பக்கவாட்டில் உரசின, அதனால் தண்ணீர் தூக்கப்படவில்லை. வீணாக ஓடவிட்டார்கள் என்று முணுமுணுத்தவர்களிடம், அடுத்த முறையும் ஓடுங்கள் என்றுதான் சொன்னேன்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. கரையிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளிலிருந்து படகும் வலையும் தெரியாது. விடியற்காலை இரண்டு மணிக்கு வலையோடு அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? அதனால் கரையில் மறுபடி கொட்டகைகள், கொட்டகைகளில் மறுபடி குடித்தனம்.

இந்த எண்களைப் பள்ளிக் கட்டுரையில் எழுதலாமா சார்?

தாராளமாக. ஆனால் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்: யார் எண்ணியது, காணாமல் போனவர்களும் அதில் உண்டா. நம் மாவட்டத்துக்கு 6,065 என்று எழுதும்போது, மாவட்டம் 2020-ல் பிரிந்து மயிலாடுதுறை தனியாகப் போய்விட்டது, இது பிரியாத மாவட்டத்தின் கணக்கு என்று ஒரு வரி போடு. தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைத்தால், விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வா.